ஏழாம் எண் உறை

ஏழாவது அழைப்பு பதினொன்றே காலுக்கு வந்தது.

சோதனை அழைப்புதான். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வளர்க்கும் உறவினர்களுக்கும், தத்தெடுத்த குடும்பங்களுக்கும் மாநிலம் முழுவதற்குமான உதவி எண் ஒன்று திங்கட்கிழமை திறக்கிறது. அதற்கு முன் ஒரு ஒத்திகை. மாடியில் இருப்பவர்கள் அந்தக் குடும்பத்தினர் போல நடித்துக் கேட்க வேண்டும். கீழே நாங்கள் பதில் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன கஷ்டம் என்பதை அட்டையில் எழுதி, உறையில் போட்டு, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் இட்டிருந்தார்கள். காலையில் உறைகளை மாடியில் கொடுத்துவிட்டு வந்தது நான்தான்.

குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. திட்ட அதிகாரி. இரண்டு வருடம் மாவட்டம் மாவட்டமாக அலைந்து இந்தத் திட்டத்தை எழுதியவர். அட்டைகளை எழுதியதும், எங்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் அவர்தான். மூன்றரை மணிக்கு மேல் மட்டும் அவரைச் சீட்டில் பார்க்க முடியாது. பெரிய இடம், கேட்க ஆளில்லை என்று எங்களுக்குள் கிண்டலடிப்போம்.

அக்காவும் மாமாவும் ஒரே விபத்தில் போய் எட்டு மாதம் ஆகிறது என்றார். அக்கா மகளுக்கு ஒன்பது வயது. இப்போது தன்னிடம் இருக்கிறாள் என்றார்.

"குழந்தை ஏதாவது தொந்தரவு பண்றாளா?" என்றேன். வழிகாட்டிப் புத்தகத்தில் நான்காவது கேள்வி.

இல்லையாம். சாப்பிடுகிறாள். தட்டைக் கழுவி வைக்கிறாள். தண்ணீர் கொடுத்தால் தேங்க்ஸ் சொல்கிறாள். துணிகளை மட்டும் இன்னும் அலமாரியில் வைக்கவில்லை. வந்த அன்று கொண்டுவந்த பையிலேயே மடித்து வைத்திருக்கிறாள். முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை சித்தி என்பாள். இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

அட்டையைப் பார்த்து வாசிக்கிறவர் போலத்தான் சொன்னார். ஏற்ற இறக்கமே இல்லை. இந்த அம்மாவுக்கு நடிப்பு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கேட்டார். "எனக்கும் அவ மேல ஒண்ணும் தோணல. அழுகைகூட வரல. திருப்பிக் கொடுத்துடலாமா? யார்கிட்ட கொடுக்கறது?"

நான் இதற்கு முன் ஐந்து வருடம் வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் அழைப்பு எடுத்தவள். திருப்பிக் கொடுக்கலாமா என்று தினமும் ஐம்பது பேர் கேட்பார்கள். பாதிப் பேர் திட்டிக்கொண்டே கேட்பார்கள். காது மரத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. அங்கே அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. இங்கே வழிகாட்டியின் நாற்பத்திரண்டு பக்கத்திலும் இல்லை.

பதில் இல்லாத கேள்விக்கென்று ஒரு வாக்கியம் உண்டு. அதைச் சொன்னேன். உங்கள் கேள்வியைக் குறித்துக்கொண்டோம், மூன்று வேலை நாட்களுக்குள் அழைக்கிறோம்.

அந்த வாக்கியமும் அவர் எழுதியதுதான். சரி என்று வைத்துவிட்டார்.

மதிப்பீட்டுத் தாளில் 'இப்படி ஒரு கேள்வி நிஜத்தில் வருமா?' என்று ஒரு கட்டம். வராது என்று டிக் போட்டேன். 'நடவடிக்கை' என்ற கட்டத்தில் தேவையில்லை என்று எழுதினேன்.

மூன்று மணிக்குக் கூட்டம். ஏழாவது தாளைப் படித்த மேற்பார்வையாளருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூடப்பிறந்தவள் பிள்ளையைப் பற்றி யாராவது இப்படிக் கேட்பார்களா, கற்பனைக்கும் ஒரு அளவு வேண்டாமா மேடம் என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

திட்ட அதிகாரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துடுங்க" என்றார். அந்தக் கேள்வியை வழிகாட்டியில் சேர்க்க வேண்டாம் என்று முடிவானது. அவர் மணியைப் பார்த்தார், கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐந்தரைக்கு மேசையை ஒழுங்குபடுத்தினேன். வழிகாட்டிக்கு அடியில் ஒரு உறை கிடந்தது. ஏழாம் எண். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பன்னிரண்டையும் கொடுத்துவிட்டேன் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரித்தேன். அவருடைய கையெழுத்து. 'தத்தெடுத்த மகனைப் பள்ளியில் சேர்க்க என்னென்ன சான்றிதழ் வேண்டும்?'

அவ்வளவுதான். அக்கா இல்லை. ஒன்பது வயதுப் பெண் இல்லை. பை இல்லை.

கூட்டத்தில் நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. கூசிப்போனேன்.

தாளை எடுத்து, தேவையில்லை என்று எழுதியதை அடித்தேன். யார் எடுத்த அழைப்போ அவர்தான் திருப்பி அழைக்க வேண்டும் என்பது விதி. மூன்று நாள் இருந்தது. பயிற்சித் தாளில் அவருடைய மொபைல் எண் இருந்தது. போட்டேன்.

எடுத்தது ஒரு சின்னப் பெண். "சித்தி துணி காயப்போடறாங்க. இருங்க, குடுக்கறேன்."

காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. கூப்பிடும் குரல் மட்டும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றிருப்பாள். போன் கைமாறியது.

யார் என்றார். சொன்னேன். ஏழாவது அழைப்பு விஷயமாக என்றேன். அந்தப் பக்கம் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. அடுத்து என்ன சொல்வதென்று வழிகாட்டியில் இல்லை.

"மேடம், போனை எடுத்தவ உங்களை சித்தின்னுதான் சொன்னா."

அவர் போனை வைக்கவில்லை.