ஆமை கட்டிய சூளை

இடிந்த சுவர் ஒன்றிலிருந்து செங்கல் பொறுக்கி வந்து, கொல்லையில் ஆமை சூளை கட்டியது. ஏற்கெனவே கட்டிய இரண்டும் சரிந்துவிட்டன. இதுவும் ஊற்றிக்கொண்டால் இனிமேல் சூளைப் பேச்சையே எடுப்பதில்லை என்றிருந்தது.

"உன் சூளை நிக்காது. நெருப்பு வைக்க இவ்வளவு பெரிய வாயா?" என்றது குளவி. சொல்லிக்கொண்டே சூளையின் உள்மூலையில் தனக்கொரு மண்கூடு ஒட்டியது.

"நெருப்பு மூட்டறப்போ வெளிய வந்துடு அக்கா," என்றது ஆமை.

பத்து நாள் கழித்து நான்கு கிண்ணங்களை வனைந்து உள்ளே அடுக்கியது. அதற்கு மேல் ஆமைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஈரம் காயுமுன்பே மூட்டிவிட்டது.

மறுநாள் சூடு ஆறியதும் திறந்தது. நான்கு கிண்ணங்களும் வெடித்துக் கிடந்தன. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளப் போனபோதுதான் குளவியின் காலிக் கூடு கண்ணில் பட்டது. காய்ந்திருந்த கூடு செக்கச்செவேலென்று வெந்திருந்தது. தட்டிப் பார்த்தால் 'டிங்' என்றது.

"சூளை நல்லாத்தான் இருக்கு அக்கா! அவசரப்பட்டது நான்தான்," என்று ஆமை நாலு காலாலும் கூத்தாடியது.

குளவி கூட்டை மூன்று சுற்றுச் சுற்றிவந்தது. பிறகு வேலியிலிருந்த தும்பியைக் கூப்பிட்டது.

"நாங்க கட்டின சூளை எப்படிச் சுட்டிருக்குன்னு வந்து பாரு."