இரண்டு விரற்கடை உயரம்

"டாக்டரம்மா, கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு. அதுக்குள்ள இவ ரெண்டு விரக்கடையாவது வளர்றதுக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க."

வன்னியம்பட்டி செல்லத்தாய் மகளை முன்னால் தள்ளினாள். மாரீஸ்வரி தலையைத் தூக்கவில்லை.

டாக்டர் கனகலட்சுமி ஆதார் அட்டையைப் பார்த்தார். வயது பதினெட்டு. நிற்க வைத்து அளந்தால் நூற்று நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். வளராத பிள்ளைகளைப் பார்த்தே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. 'பிறவிக் குறை, பிள்ளை பிறப்பது கஷ்டம்' என்று எத்தனையோ தாய்மாரிடம் சொல்லியாயிற்று. பாழாய்ப்போன நாக்கு இன்னும் அதற்குப் பழகவில்லை.

"மாப்பிள்ளை யாரு?"

"என் கூடப்பொறந்த தம்பிதான். பட்டாளத்துல இருக்கான். இப்ப லீவுல வாரான். விட்டா அடுத்த வருசந்தான்."

"இவ எப்ப பெரிய மனுசி ஆனா?"

"போன வருசம்."

"பதினேழு வயசுலயா?"

இதுவும் அந்தப் பிறவிக் குறைதானோ என்று டாக்டருக்குப் பயம் வந்துவிட்டது. இடது கையை எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்.

படம் வந்தது. நெடுநேரம் பார்த்தார். மாரீஸ்வரியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"செல்லத்தாயி, இவளுக்கு ஒரு நோயும் இல்ல. தானா வளருவா. எலும்பும் பல்லும் பதிமூணு வயசுன்னு சொல்லுது. இந்த அட்டையில இருக்கிறது யார் வயசு?"

செல்லத்தாய் தரையில் உட்கார்ந்து அழுதாள். நோயில்லை என்று சொல்லி ஒரு தாயை டாக்டர் அழவைத்தது அதுதான் முதல் தடவை.

"மூத்தவ மஞ்சக்காமாலையில போயிட்டா. அவ பேரத்தான் இவளுக்கும் வச்சோம். அவ பொறந்த சர்டிபிகேட்டைக் காட்டித்தான் வயசத் திருத்துனேன். இவ அப்பாவும் போய்ச் சேந்துட்டாரு. என் தம்பிய விட்டா எங்களுக்கு நாதியில்ல. வெளிய சொல்லிராதீங்கம்மா."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை மேசையில் போட்டார்.

"பச்சப்பிள்ளையக் குள்ளம்னு சொன்னது யாரு? உன் தம்பியா?"

"அவன் ஒண்ணுமே சொல்லல. இவதான் மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படாம, 'குள்ளமா இருக்கேன், அந்த டாக்டர்கிட்டத்தான் போகணும்'னு அழுதா."

மாரீஸ்வரி முதன்முறையாகத் தலையைத் தூக்கி, அதுவரை இறுக மூடியிருந்த வலது கையை விரித்தாள். உள்ளே வியர்வையில் நனைந்த ஒரு பத்திரிகைத் துண்டு. அதில் கனகலட்சுமியின் படம். அதற்குக் கீழே பேனாவால் கோடிட்ட ஒரு வரி: 'கை எலும்பைப் பார்த்தே பிள்ளைகளின் வயதைச் சொல்லிவிடுவார்.'