ஒரே சங்கிலி

தெருவில் பைக் சக்கரங்கள் களவுபோகத் தொடங்கியதும், போலீஸ்காரர் சொன்ன யோசனைப்படி எல்லாச் சக்கரங்களையும் கோத்து ஒரே சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். சாவி, தனியாக இருக்கும் பொற்கொடியிடம். விடிந்தால் அவள் வாசலில் கூட்டம்தான். சாவியை வாங்கிய கையோடு யாரும் போனதில்லை. காபி குடித்து, ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

ஒருநாள் திருடன் பிடிபட்டான். "இனிமே சங்கிலி வேணாம்மா," என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். பொற்கொடி பூட்டையும் சாவியையும் ஆணியில் மாட்டினாள். நாளை முதல் கால் லிட்டர் பால் போதும் என்று கடையில் சொல்லிவிட்டு வந்தாள்.

இருட்டியதும் வெளியே சங்கிலி இழுபடும் சத்தம். எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுத் தணிகாசலம் கடைசிச் சக்கரத்தில் கோத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பாக்குற? பூட்டக் கொண்டா. காலைல காபிக்குச் சக்கர கொறச்சுப் போடு."