நீரில்லாத ஓட்டம்

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

இழைகள்.

பதினேழு நாள் ஓடிய கணக்கு காலையில்தான் முடிந்திருந்தது. கணினிக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்குள் நீர். நீரில் எட்டாயிரம் துகள்கள், பாலிலும் பெயின்டிலும் மிதப்பவை போல. ஒன்றையொன்று ஈர்த்து அவை உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்க வேண்டும்.

திரளவில்லை. மெல்லிய இழைகளாக நீண்டு, இழையோடு இழை கோத்து, பெட்டி முழுவதும் வலையாக நின்றன.

இந்த வலையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

மூன்று வருடங்களுக்கு முன். இதே அறையில். இசக்கியப்பனின் திரையில்.

அவன் அவளுக்கு இரண்டு வருடம் மூத்த ஆய்வு மாணவன். வள்ளியூர்க்காரன். அவனுக்கு இழைகள்தான் வந்தன. இருவருக்கும் வழிகாட்டியான பேராசிரியர் கருணாகரன் நம்பவில்லை. நிரலில் பிழை என்றார். அவன் திரும்ப எழுதினான். திரும்பவும் இழைகள். ஒன்றரை வருடம் இப்படியே போனது. ஐந்தாம் ஆண்டும் முடிந்தது. நீட்டிப்புக் கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க ஆய்வுக் குழு கூடியது.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். நீ தனியாக ஒரு முறை ஓட்டிப் பார், நாளைக்குள் சொல் என்றார்.

துகள் நகர்ந்தால் சுற்றியுள்ள நீர் நகரும். நீர் நகர்ந்தால் பக்கத்துத் துகள் தள்ளப்படும். அந்த விசையைச் சேர்த்தால் கணக்கு வாரக்கணக்கில் ஓடும். விட்டுவிட்டால் சில மணி நேரம்.

இருந்தது ஒரே நாள்.

விட்டுவிட்டாள்.

நிரலில் ஒரே ஒரு வரிதான். அதன் முன்னால் ஒரு குறியைப் போட்டால் மென்பொருள் அதைப் படிக்காது.

மாலைக்குள் உருண்டைகள் வந்துவிட்டன. மறுநாள் குழுவின் முன்னால் நின்று, உருண்டையாகத்தான் வருகிறது என்றாள். நீரைச் சேர்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நீரால் பெரிய வித்தியாசம் வந்துவிடாது என்று அப்போது உண்மையாகவே நம்பினாள். நம்பியதாக இப்போது நினைத்துக்கொள்கிறாளோ என்னவோ.

நீட்டிப்புக் கிடைக்கவில்லை. இசக்கியப்பன் அந்த வாரமே அறையைக் காலி செய்தான். அவன் புறப்பட்ட மதியம் அவள் நூலகத்தில் இருந்தாள். அங்கே அவளுக்கு வேலை எதுவும் இல்லை.

இன்று வந்த படத்தைப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே கட்டுரையாக எழுது என்றார்.

இது இசக்கியப்பனுக்கு அன்றைக்கே வந்ததுதான் என்றாள்.

“விட்டுட்டுப் போனவன் பேரெல்லாம் எதுக்கும்மா. நீ எழுது.”

மொட்டைமாடிக்குப் போய் இசக்கியப்பனை போனில் கூப்பிட்டாள். அவன் எண் மாறவில்லை.

பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதாகச் சொன்னான். பேச்சுக்குப் பின்னால் காற்று இரைந்தது. அவள் இழைகளைப் பற்றிச் சொன்னாள். துகள் எத்தனை, எந்த வெப்பநிலை, எத்தனை நாள் ஓடியது என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் குரல் அந்த அறையில் இருந்தவனின் குரலானது.

பிறகு அவள் அன்றைக்கு நீரை விட்டுவிட்டதைச் சொன்னாள்.

“அன்னைக்கே தெரியும்மா. காலையில ஆரம்பிச்சு சாயந்தரம் முடிஞ்சிட்டு. தண்ணி இருந்தா முடியுமா?”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பேராசிரியரிடம் சொன்னானாம். தோற்றவன்தான் அடுத்தவர் மேல் பழி போடுவான் என்றாராம்.

பேராசிரியர் இந்த மூன்று வருடத்தில் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

காற்று இரைந்தது.

“அப்ப எங்க அப்பா மெட்ராசுக்குக் கெளம்பிட்டாவ. சாரப் பாத்து நியாயம் கேக்கணும்னு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டாவ. கணக்குல தப்பு என் மேலதான்னு சொல்லித்தான் திருப்பிக் கூட்டியாந்தேன். நம்பிட்டாவ.”

“இப்ப சொல்லிடலாம்ண்ணா. நானே பேசறேன் அவர்கிட்ட.”

“போன பங்குனியில போய்ச் சேந்துட்டாவம்மா.”

போனில் யாரோ அவனைக் காற்றாலை மேல் ஏறச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

அறைக்குத் திரும்பி ஆய்வுக் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதினாள். எட்டே வரி. மூன்று வருடங்களுக்கு முன் நீர்விசையைச் சேர்க்காமல் ஓட்டியதை எழுதினாள். அதைக் குழுவிடம் சொல்லாததை எழுதினாள். இழைகளை முதலில் கண்டவனின் பெயரை, ஊர்ப் பெயரோடும் தகப்பன் பெயரோடும் எழுதினாள். அன்றைய உருண்டைப் படத்தையும் இன்றைய இழைப் படத்தையும் இணைத்தாள்.

அனுப்பினாள்.

ஒரு பிரதியை அச்செடுத்துப் பேராசிரியரின் மேசையில் வைத்தாள்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது உன் பட்டத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்று தணிந்த குரலில் சொன்னார். இதுவரை யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

“தலைவருக்கு அனுப்பிட்டேன் சார்.”

அவர் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார் என்றார்.

அவள் வெளியே வந்து சாத்தினாள்.