மாதிரிப் பக்கங்கள்

"இது மொழிபெயர்ப்பு இல்ல சார், பொணம்," என்று சொல்லி, அவள் அந்த மாதிரிப் பக்கங்களை மேசையின் நடுவே தள்ளினாள்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிப்பாளர் பாதி கடித்த பிஸ்கட்டைக் கையிலேயே பிடித்திருந்தார்.

நம் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகத் தகுதியான ஒரு நூலுக்கு, மூன்று பேர் கூடி நல்கைப் பணம் கொடுக்கும் கூட்டம் அது. மற்ற விண்ணப்பங்கள் எல்லாம் காலையிலேயே கழிந்துவிட்டன. மிச்சம் ஒரு கவிதைத் தொகுப்பும் இந்த நாவலும்தான்.

அவளுக்கும் மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. துறையில் 'கத்தரிக்கோல்' என்று பெயர். யார் எழுதிய பக்கத்தையும் முழுசாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஊருக்கெல்லாம் தாய்மொழியின் அருமையைச் சொல்கிறவள், பெற்ற மகளோடு ஆங்கிலத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்பது அவள் முதுகுக்குப் பின்னால் ஓடும் பழைய கேலி.

இப்படிப்பட்ட குழுக்களுக்கு எத்தனை முறை கூப்பிட்டாலும் வராதவள். கடைசிச் சுற்றில் இந்த நாவல் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தானே போன் செய்து இடம் கேட்டு வாங்கினாள். என்ன ஆனாலும் இது ஆங்கிலத்துக்குப் போகக் கூடாது. வந்த வேலை அது ஒன்றுதான்.

எழுதியவரோ மொழிபெயர்த்தவரோ யாருக்காவது தெரிந்தவரா என்று தலைவர் காலையில் சம்பிரதாயத்துக்குக் கேட்டிருந்தார். தெரிந்தவர் என்றால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். நாவலாசிரியர் புனைபெயரில் இருந்தார். அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள்.

இப்போது மொழிபெயர்த்தவரைக் கிழி கிழியென்று கிழித்தாள். அகராதியைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார் என்றாள். ஒரு பத்தியைப் படித்துக் காட்டி, இதற்கு ரயில் நிலைய அறிவிப்பே தேவலை என்றாள்.

தலைவர் ஆமாம் போட ஆரம்பித்தார். அவர் மூல நாவலைத் திறந்தவரே இல்லை. பதிப்பாளர் பின்னட்டையைத் தாண்டியவர் இல்லை. அதைப் படித்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான். கவிதைக்கே கொடுத்துவிடலாம் என்று தலைவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அத்தோடு அவள் எழுந்து போயிருக்கலாம்.

"மூலத்துல மட்டும் என்ன பெருசா இருந்துடப் போகுது?" என்றார் பதிப்பாளர், பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டே.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த நாவலை அவள் வெறுத்தாள், சந்தேகமில்லை. ஆனாலும் படிக்காத ஒருவர் ஒரு நல்ல வாக்கியத்தை மட்டம் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. தொழில் புத்தி.

"மூலத்துல இப்படி இல்ல," என்றாள்.

முதல் அத்தியாயத்தின் கடைசி வரி: குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவள் கதவைச் சாத்தவில்லை, அன்றிலிருந்து நானும் சாத்தவில்லை. மாதிரிப் பக்கத்தில் அது, கதவு தொடர்ந்து திறந்த நிலையிலேயே இருந்தது என்று செத்துக் கிடந்தது. ஆங்கிலத்தில் அது எப்படி இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். புத்தகத்தைப் பார்க்காமல், ஒரே மூச்சில்.

பதிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாய் நிற்கவில்லை. அதற்கு முந்தைய வரி. அதற்கும் முந்தையது. ஓடிப்போன மனைவி, வெறும் தொட்டில், ஊர் ஊராக மகளைத் தேடி அலையும் தகப்பன். ஒரு முழுப் பக்கம் ஆங்கிலத்தில் வந்து விழுந்தது.

அவள் முடித்தபோது தலைவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இதுவாம்மா அந்தப் புத்தகம்?" என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கவிதைதான் உசத்தி என்றாள். மாதிரி மட்டம் என்று மறுபடி சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்கை நாவலுக்கு, செப்பனிட்டுத் தருவது அவள் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது.

"எனக்கு நேரமில்ல," என்றாள்.

"இப்ப நீங்க சொன்னதே போதும் மேடம். மொழிபெயர்த்தவருக்கு அனுப்பி வெச்சா அதே போக்கைப் பிடிச்சுக்குவாரு." பதிப்பாளர் மேசை மேலிருந்த போனைத் தட்டிக் காட்டினார். கூட்டத்தின் குறிப்புக்காக அது காலையிலிருந்து பதிவு செய்துகொண்டிருந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

வாசலில் மகள் காரோடு காத்திருந்தாள். நன்றாகப் படித்த பெண், கெட்டிக்காரி. தாயின் மொழியில் மட்டும் பசிக்குது, தூக்கம் வருது என்பதற்கு மேல் ஒரு வாக்கியம் வராது. பல வருஷம் முன்பு இந்த நாவல் கடைக்கு வந்தபோது, மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த சிறுமி. அந்த வாரத்தோடு தாய் வீட்டில் தாய்மொழியை நிறுத்தினாள்.

"யாருக்கும்மா குடுத்தீங்க?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒரு நாவலுக்கு. மகளைத் தேடி அலையற அப்பாவோட கதை."

"குடுத்து வெச்ச பொண்ணு. என்னோட அப்பா நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப் போயிட்டாரு." மகள் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள். "இங்கிலீஷ்ல வந்ததும் முதல் பிரதி எனக்குத்தான், சொல்லிட்டேன்."

தாய் ஏறி உட்கார்ந்து கார்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

கணவன் வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்றைக்கும் ஒரு கையில் குழந்தையை இடுக்கிக்கொண்டு, மறு கையால் இப்படித்தான் இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள். அந்த ஒரு வரியில் மட்டும் அவன் பொய் எழுதியிருக்கிறான். அதைத்தான் அவள் இன்று அத்தனை அழகாக மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.