திருகு இறுக்கிய வெர்னியர்

"அசையாதே. விரல் மடங்கினா மறுபடி முதல்லேர்ந்துதான்."

மகளின் கை மேசையில் விரிந்து கிடந்தது. வெர்னியர் அளவுகோலின் எஃகுத் தாடைகள் அவளுடைய ஆள்காட்டி விரலை அடியிலும் நுனியிலும் கவ்வியிருந்தன. அப்பாவின் நெற்றியில் வியர்வை.

பட்டறையில் செய்கிற எந்தப் பாகமும் அவருடைய வெர்னியரைத் தாண்டித்தான் வெளியே போகும். அப்பேர்ப்பட்டவருக்கு இந்த விரல் மூன்று நாளாகத் தண்ணி காட்டியது. காலையில் மோதிர விரலைவிட நீளம், மாலையில் குட்டை.

"என் விரல் என்ன ரப்பராப்பா?"

"விளையாடாதே. ரெண்டு விரல் நீளத்தையும் ஒப்பிட்டா சர்க்கரை வருமான்னு தெரியும்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

"தெரியலாம்னுதான் போட்டிருக்கான். இன்னும் உறுதியாகலையாம்."

அவர் தாடைகளை இன்னும் சற்று நெருக்கினார். போன மாதம்தான் அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரையால் ஒரு காலை எடுத்தார்கள். அடுத்து யார் என்ற பயம் அன்று பிடித்தது. இருப்பதோ ஒரே மகள்.

"என்னங்க, உங்க வெர்னியருக்குத்தான் வயசாயிடுச்சோ என்னவோ!" அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

அவருக்கு ரோஷம் வந்தது. அந்த வருடத்தில் இரண்டாவதாக மாற்றிய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெர்னியர் சரியா என்று பார்க்கப் பட்டறையில் வைத்திருக்கும் சோதனைத் துண்டை அளந்தார். "இருபது மில்லிமீட்டர். எப்பவும் இதேதான். முடியளவுகூடப் பிசகல."

பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: "அப்போ கோளாறு உன் விரல்லதான் அம்மாடி."

மகள் சற்று யோசித்தாள். தாடைகள் விரலைக் கவ்வியிருந்த நிலையிலேயே வெர்னியரின் திருகை இறுக்கினாள். இனி அது நகராது. மெதுவாக விரலை உருவிக்கொண்டாள்.

"படிங்க."

"அறுபத்தெட்டு புள்ளி நாலு."

அவளும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வெர்னியரை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மாலையில் அதை அப்படியே எடுத்து நீட்டினாள். அவர் விளக்கடியில் போய், கிட்டத்தில் வைத்தும் எட்டத்தில் பிடித்தும் கோடுகளைப் பார்த்தார்.

"அறுபத்தெட்டு புள்ளி எட்டு... இல்ல, ஒம்போது."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "நாலுன்னுதானேங்க இருக்கு!"

அவர் திருகைத் தொட்டுப் பார்த்தார். இறுகியே இருந்தது. நடுவில் விரலே இல்லை.

"காலைல அந்தத் துண்டு மட்டும் சரியா வந்துச்சே?"

"அது இருபதுன்னு உங்களுக்கு மனப்பாடம். பார்க்காமலே படிச்சிருப்பீங்க." மகள் அவர் கையிலிருந்து வெர்னியரை வாங்கிக் கீழே வைத்தாள். "சர்க்கரை ஏறி இறங்கினா பார்வையும் கூடவே மாறுமாம். நாளைக்கு சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போறது நான் இல்லப்பா, நீங்க."