மூன்று பேர் படித்த மனு

"ஒரு மனுஷன் உசிர் ஊசலாடிண்டிருக்கு. நீ என்னடான்னா சுக்குப் பொறுக்கிண்டு உக்காந்திருக்கே! கட்டை விரலை நீட்டுன்னா நீட்ட வேண்டியதுதானே?"

வெங்கிட்டு போட்ட சத்தத்தில் கிடங்கே திரும்பிப் பார்த்தது. மூக்கம்மாள் மட்டும் நிமிரவில்லை.

அந்த மட்டாஞ்சேரிக் கிடங்கில் அவன் கிளார்க்காகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பாலக்காட்டுக்காரன். கையில் ஜனாதிபதிக்கு ஒரு கருணை மனு. குடித்துவிட்டு ஒரு படகோட்டியைக் குத்திக் கொன்ற வழக்கில் முதலாளியின் தங்கை மகனுக்குத் தூக்கு உறுதியாகிவிட்டது. நாலு மணிப் படகில் மனு எர்ணாகுளம் வக்கீலிடம் போயாக வேண்டும்.

மூக்கம்மாள் கைநாட்டு வைத்தால்தான், அவளோடு தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மற்ற முப்பது பெண்களும் வைப்பார்கள். அவளோ காலையிலிருந்து ஒரே பதில்தான்.

"எனக்கு வேண்டாம் சாமி. நான் எந்தக் காயிதத்துலயும் கை வைக்கிறதில்ல."

வெங்கிட்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளி சொன்னார் என்பதற்காக மட்டும் அவன் அலையவில்லை. மனுவை நாலு தடவை படித்ததில் அவனுக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

"நாகரிகம் உள்ள நாட்டுல சர்க்காரே ஆளைக் கட்டித் தொங்கவிடலாமோ? கொன்னவனைக் கொன்னா செத்தவன் எழுந்து வருவானா? திருப்பித் தர முடியாத உசிரை எடுக்க எவனுக்கும் அதிகாரம் கிடையாது. கேட்டியா?"

"இதெல்லாம் அந்தக் காயிதத்துல இருக்கா?"

"எல்லாம் இருக்கு. மலையாளத்துல இருக்கு."

"தமிழ்ல எழுதித் தாங்க. நம்ம பாக்கியலக்ஷ்மி தமிழ் படிப்பா."

வெங்கிட்டுவின் முகம் சிவந்தது. வீட்டில் பேசுவது தமிழ்தான். படித்ததெல்லாம் மலையாளம். தமிழில் தன் பெயரை எழுதக்கூட அவனுக்கு வராது.

"அதுக்கெல்லாம் நேரமில்லை! நான்தான் படிச்சுக் காட்டினேனே, போறாதா?"

"போதாது சாமி."

"ரத்த வெறி பிடிச்ச ஜென்மம்! பொம்மனாட்டிக்கு மனசுன்னு ஒண்ணு வேண்டாமோ? ஒருத்தன் தூக்குல தொங்கறதைப் பாக்கணும்னு நோக்கு அத்தனை ஆசையா?"

மூக்கம்மாளின் கை நின்றது. எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்த மனுவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"ஏய், கிழிச்சுடாதே!" வெங்கிட்டு பின்னாலேயே ஓடினான்.

அவள் நேரே சாயாக்கடைக்குப் போனாள். "சேட்டா, இதுல என்ன எழுதியிருக்கு? உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

சேட்டன் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். "தூக்குல போட வேண்டாம்னாக்கும் எழுதியிருக்கு."

அதோடு விட்டாளா? மருந்துக் கடை வாசலில் நின்ற டீச்சரிடம் நீட்டினாள். அப்புறம் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரை நிறுத்தி அவரிடமும் நீட்டினாள். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

தெருவே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. வெங்கிட்டுவுக்கு மானம் போயிற்று.

"நடுத்தெருவுல என்னைக் கள்ளனாக்கிட்டியே! நன்னாயிருப்பியா நீ?"

அவள் கிடங்குக்குத் திரும்பி, மைப்பெட்டியில் கட்டை விரலை ஒற்றி மனுவில் அழுத்தி வைத்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள்.

காரியம் முடிந்தும் அவனுக்குக் கோபம் அடங்கவில்லை.

"நான் நேத்து வந்தவன், என்னை நம்பலை, சரி. முதலாளியை நம்பக் கூடாதா? அவரே பக்கத்துல நின்னு எழுத வெச்ச மனுவாக்கும் இது!"

மூக்கம்மாள் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு எழுத வச்சதுன்னுதான் சாமி மூணு பேர்ட்ட கேட்டேன். ஆறு வருசத்துக்கு முன்னால, இங்க இருந்த காவக்காரனைக் கொன்னுட்டான்னு எந் தம்பி அழகருக்குத் தூக்குன்னாங்க. 'வேண்டாம்னு எழுதியிருக்கு'ன்னு ஒங்க மொதலாளிதான் படிச்சுக் காட்டிக் கைநாட்டு வாங்குனாரு. இரக்கம் காட்டாம சீக்கிரம் போடுங்கன்னு எழுதின காயிதம் அதுன்னு, அவனைத் தூக்குல போட்ட பொறவுதான் எங்களுக்குத் தெரிஞ்சுது."



அவள் விரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இந்தப் பையனாவது பொழைக்கட்டும் சாமி. எந் தம்பிக்கு எழுதின அந்தக் காயிதத்துல மொதக் கைநாட்டே என்னுதுதான்."